ஜெனவியேவுக்குச் செய்த தோட்டாக்கள்

அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவைப் போலீஸ் கொமிசாரியாவுக்கு அவர்கள் வரவழைத்திருக்கவே தேவையில்லை. ஓய்வு பெறும் வரை ஒரு நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு பதிவு செய்தவன் நான். அந்த இளம் அதிகாரியின் பிரெஞ்சைவிட என்னுடையது சுத்தமானது. ஆனால் என் அடையாள அட்டையில் பிறந்த ஊர் புதுச்சேரி என்று பார்த்ததும், தமிழா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே போனை எடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் குடியிருக்கும் லா ஷப்பேல் பகுதியில் தமிழ் காதில் விழாத நாளே கிடையாது. என்றாலும் நான் பேச ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

வந்தவர் பெயர் ஜெனிற்றா. மன்னார்ப் பக்கம். நனைந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"கூசேன்வில்லில இருந்து வாறன் ஐயா. ட்ரெயின் பிந்திப் போச்சு, குறை நினைக்காதேங்கோ."

"பரவாயில்லம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றேன்.

எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். போன வருஷம் என் மனைவிக்கு நடந்த விபத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்றேன். முதலிலிருந்து சொன்னால்தான் எதுவும் விளங்கும். அதனால் முதலிலிருந்து தொடங்கினேன்.

என் பொழுதுபோக்கு பிஸ்டல். ஒபர்வில்லியேயைத் தாண்டி ஒரு சுடும் கிளப்பில் உறுப்பினன். லைசென்ஸ், வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி, எல்லாம் சட்டப்படி. மகன் லூடோவிக் வேலை கிடைத்து நாந்துக்குப் போனதும், ரயில் பாதையைப் பார்த்த அவன் அறையை நான் எடுத்துக்கொண்டேன். ஜன்னலோரம் ஒரு மேசை போட்டேன். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிய வேண்டியதில்லை. கழுவி, துடைத்து, மறுபடி மருந்தும் குண்டும் வைத்தால் புதுத் தோட்டா. கடையில் விற்பது ஊருக்கெல்லாம் பொது. வீட்டில் செய்வது ஒரே ஒரு பிஸ்டலுக்காக, ஒரே ஒரு கைக்காக. பிஸ்டலையும் அப்படித்தான் பதப்படுத்துவேன். விசையின் உள்பாகங்களைப் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினால், பழுத்த இலை காம்பிலிருந்து விடுவது போல அது விடும். இந்த வேலைக்குத் தேவை நிதானம் ஒன்றுதான். அது என்னிடம் எப்போதும் இருந்தது.

என் மனைவி ஜெனவியேவும் புதுச்சேரிக்காரிதான், இங்கே ஒரு பள்ளிக்கூட கன்த்தீனில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் என்னோடு கிளப்புக்கு வந்தாள். முதலில் நான் சுட்ட கூடுகளைப் பொறுக்கித் தருவாள். ஒரு நாள் பயிற்சியாளர் விளையாட்டாக அவளிடம் ஒரு பிஸ்டலைக் கொடுத்தார். அவள் கை ஆடவில்லை. எத்தனையோ வருஷம் கொதிக்கும் சூப் அண்டாவைச் சிந்தாமல் தூக்கிய கை அது.

அவளுக்கென்று ஒரு கைப்பிடி செதுக்கினேன். அளவுக்காக, பிசைந்த மாவில் அவள் உள்ளங்கையைப் பதிய வைத்தேன். "கூசுதுங்க," என்று சிரித்தாள். அவள் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்திருந்தது கல்யாணமான புதிதில்தான்.

அடுத்த வருஷமே என்னைவிட நன்றாகச் சுட்டாள். எனக்கு அதில் பொறாமை இல்லை. இதை அதிகாரி இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் அதையே சொன்னேன். போட்டிகளில் யாராவது வந்து, உங்கள் தோட்டாவைச் செய்வது யார் என்று கேட்டால், அவள் திரும்பி என்னைக் காட்டுவாள். "என் வீட்டுக்காரர்." அது எனக்குப் போதுமாயிருந்தது.

பிறகு அவளைப் பிராந்திய அணியில் சேர்த்தார்கள். மற்றப் பெண்களோடு வேனில் வெளியூர் போனாள். அங்கிருந்து போன் பண்ணும்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். "இருங்க, கூப்பிடறாங்க," என்று வைத்துவிடுவாள். ஒரு நாள் சாயங்காலம் அறைக்குள் வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க. நானே செஞ்சுக்கிறேன்."

"ஏன், நான் செய்யறதுல என்ன குறை?"

"குறையெல்லாம் இல்லைங்க. நீங்க எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கணும்? இனிமே உங்களுக்கு இந்தக் கஷ்டம் வேணாம்."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். நான் கற்றுக்கொடுத்தேன், ஒன்றையும் மறைக்காமல். சீக்கிரமே கற்றுக்கொண்டாள். பிறகு அவள் அந்த மேசையில் வேலை செய்யும்போது நான் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்க ஆரம்பித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பாள். எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அந்த மாலைகள் எப்படிப்பட்டவை என்று ஜெனிற்றா அம்மாவிடம் விளக்கப் பார்த்தேன். அவர் அதை ஒரே வாக்கியத்தில் பிரெஞ்சாக்கிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது அவ்வளவு சின்ன விஷயமில்லை.

ஒரு பெரிய போட்டிக்கு முந்தின வாரம் அவள் தோட்டாப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துவிட்டு, நான் செய்த ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன். அதில் என்ன மாற்றம் செய்தேன் என்பதை இங்கே சொல்வதில் யாருக்கும் பயனில்லை. ஒரு குண்டு தவறிப் போக வேண்டும், அவள் குழம்ப வேண்டும், வீட்டுக்கு வந்து, "ஏங்க இப்படி ஆச்சு?" என்று என்னிடம் கேட்க வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

அதிகாரி பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டே ஏதோ கேட்டார். ஜெனிற்றா அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்குக் காலமை நீங்கள் அவவுக்குப் புதுசாத் தடிச்ச பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் குடுத்தனீங்களாம். ஏனெண்டு கேக்கிறார்."

"நான் கவனமான ஆள்மா," என்றேன். "அதனாலதான் கண்ணு தப்பிச்சுது."

அவர் அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

போட்டியில் பிஸ்டல் வெடித்தபோது நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எல்லோரும் கத்தினார்கள். அவள் கத்தவில்லை. தன் வலது கையைப் பார்த்தாள். கட்டை விரலும் அதற்குப் பக்கத்து விரலும் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

நான் என் மஃப்ளரால் கையைச் சுற்றினேன். ஆம்புலன்ஸில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

போலீஸ் வந்தது, நிபுணர் ஒருவர் வந்தார். வீட்டில் தோட்டா செய்தபோது நேர்ந்த பிழை என்று முடிவானது. தானே செய்தது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளே சொன்னாள். என்னிடமும் மன்னிப்புக் கேட்டாள். நல்ல பிஸ்டல் போச்சே, உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று அழுதாள். நான் அவளை மன்னித்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அதிகாரி கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். காலையில் அவள் பல்துலக்கியில் பேஸ்ட் வைத்துக் கொடுப்பேன். தலை வாரிப் பின்னுவேன். தட்டில் இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி வைப்பேன். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். கழுத்துப் பொத்தான் போடும்போது தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி நிற்பாள். ரூ பஜோல் தெருவில் நாங்கள் கைகோத்து நடந்து போவதைப் பார்த்து, கோயில் வாசலில் நிற்கிற யாழ்ப்பாணத்துப் பெண்கள் வழி விடுவார்கள். எங்கள் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. லூடோவிக் வந்து, "மமோன், என்னோடு வந்துவிடு," என்று பிரெஞ்சில் கெஞ்சினான். "அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படிடா?" என்றாள்.

மருத்துவர்கள் இடது கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நான் அதைத் தடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது பொத்தான் போட்டுவிட வந்தேன். போட்டிருந்தாள், கழுத்துப் பொத்தான் உட்பட. கண்ணாடி முன்னால் நின்று தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றேன்.

கொஞ்ச நாளில் கிளப்பிலிருந்து பயிற்சியாளர் பேசினார். இந்த விளையாட்டில் ஒரு கையால்தானே சுடுகிறோம், இடது கையால் முயன்று பார்க்கலாமே என்றாராம். அவள் என்னிடம் வந்து, இடது கைக்கு ஒரு பிடி செதுக்கித் தருவீர்களா என்று கேட்டாள். செதுக்கினேன். என் வாழ்நாளில் நான் செய்ததில் அதுதான் சிறந்தது. தோட்டாவையும் இனி நீங்களே செய்து கொடுங்கள் என்றாள். செய்தேன். சனிக்கிழமை தோறும் அணிப் பெண் ஒருத்தி காரில் வந்து கூட்டிக்கொண்டு போவாள். "நீங்க வீட்ல ஓய்வா இருங்க," என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போவாள். முன்னைப் போலவே சிரித்த முகத்தோடு திரும்பி வருவாள். மறுபடி பெரிய போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

இந்த வாரம் அந்தப் பழைய மாதிரியில் இன்னொன்று செய்தேன்.

செய்ய வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. மற்றவற்றைச் செய்வது போலத்தான் உட்கார்ந்தேன். கை தானாகப் போனது. முடிந்த பிறகு அதைத் தனியே எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எனக்கே என் மேல் பயம் வந்தது. அதனால்தான் மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பி கொமிசாரியாவுக்கு வந்தேன். தடுக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவன் ஏன் வரப்போகிறான்? இதை நான் அழுத்திச் சொன்னேன்.

ஜெனிற்றா அம்மா இதை மொழிபெயர்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

"ஐயா, அந்தப் பெட்டி இப்ப எங்கை?"

"அவ பையிலம்மா."

"அவ எங்கை?"

"இன்னிக்கு சனிக்கிழமைதானே. நான் கிளம்பறப்ப கார் வந்து கீழே நின்னுது. இந்நேரம் கிளப்புக்குப் போயிருப்பா."

அவர் எழுந்து நின்றபடியே அதிகாரியிடம் வேகமாகப் பேசினார். அதிகாரி நாற்காலி சாய்ந்து விழ வெளியே ஓடினார். நடையில் யார் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"உங்களிட்டப் போன் இருக்கே?" என்றார் ஜெனிற்றா அம்மா.

"இருக்கும்மா."

"பிறகேன் நீங்கள் அவவுக்கு எடுக்கேல்லை?"

"கார்ல போறப்ப தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன். ஒரு கையால போனைத் தேடி எடுக்கறது அவளுக்குக் கஷ்டம். அங்க போய்ட்டா காதுல மஃப் மாட்டியிருப்பா, கேக்காது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நானும் மனதுக்குள் ஜெபித்தேன். என்னால் வேறென்ன செய்ய முடியும்? நான் சொல்லிவிட்டேன். இனி எல்லாம் அவர்கள் கையில்.

அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பிரெஞ்சில் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இருந்தாலும் ஜெனிற்றா அம்மா சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"அவ சுகமா இருக்கிறா ஐயா. கிளப்பில ஆக்கள் பெட்டியை எடுத்துப் பூட்டிப் போட்டினம்." நாற்காலியிலிருந்த கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "கையில அடிபட்ட பிறகு அவ நீங்கள் செய்த ஒண்டையும் சுடேல்லையாம். உங்கட மனம் நோகுமெண்டு பெட்டியை ஒவ்வொரு கிழமையும் வாங்கிக்கொண்டு போவாவாம். அங்கை அலுமாரியில வைச்சிட்டு, கடைத் தோட்டா வாங்கித்தான் சுடுறவவாம். எல்லாப் பெட்டியும் பிரிக்காமல் அப்பிடியே இருக்குதாம்."

முதலில் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவள் உயிரோடிருப்பதில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாருமில்லை.

அதற்குப் பிறகு, என்னைத் தனியாக விட்ட நேரத்தில்தான் அது மெல்ல உறைத்தது. எத்தனை மாலைகள் முதுகு வலிக்க அந்த மேசையில் குனிந்திருக்கிறேன். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாத வேலை. சுட்ட காலிக் கூடுகளை அவள் வீட்டுக்குக் கொண்டு வராதபோது, குனிந்து பொறுக்க முடியவில்லைங்க என்று சொன்னதை நான் அப்படியே நம்பினேன். கடைத் தோட்டாவைச் சுட்டுவிட்டு வந்து, இன்றைக்கு நன்றாகப் போச்சுங்க என்று என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். மனதில் இருந்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கோபப்படுகிற ஆளா? இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகும் அவளுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்பதை, முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் வாயால்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் எனக்குச் செய்ததை மன்னிக்க இந்த முறை கொஞ்ச காலம் ஆகும்.