குளிப்பாட்டிக் கூட்டிப்போனவள்

பாப்பாரப்பட்டிக்குப் போகும் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த இளையவள் பக்கத்துப் பெண்ணிடம் பொருமினாள்.

"எதுத்த வூட்டுக்காரி குடுத்து வெச்சவக்கா. குடிகாரப் புருசனுக்குப் புத்தி பெசகிடுச்சின்னு டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு. வரமாட்டேன்னவன இழுத்துட்டுப் போயி ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. இவ நிம்மதியா தூங்கறா."

"உங் குடிகாரப் புருசனையுந்தான் அந்த டாக்டருகிட்ட காட்டுனயே?"

"நல்லாத்தான் இருக்காருன்னு அனுப்பிட்டாரு."

"எப்படிக் கூட்டிட்டுப் போன?"

"வெந்நி வெச்சுக் குளிப்பாட்டி, வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசித்தான்."

"அவ?"

"தெருவுல கெடந்தவன சாராய நாத்தத்தோட அப்படியே வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போனா."

"அப்ப நீயும் அப்படியே கூட்டிட்டுப் போ."

இளையவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவளாட்டம் முடியுமாக்கா? அந்தக் கோலத்துல பாத்தா, பொண்டாட்டி சரியில்லன்னுல்ல டாக்டரு எழுதுவாரு?"