நாலு கொக்கி மோதிரம்

"உங்க வைரம் நேத்து மூணு பனியனைக் கிழிச்சிருச்சுங்க."

பல்லடம் பேருந்தில் முன் இருக்கைப் புதுமணப்பெண் கணவனிடம் மோதிர விரலை நீட்டினாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை போலும். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை, பொறுமைதான் தீர்ந்திருந்தது.

"கல்லை நாலு கொக்கியில தூக்கி நிறுத்துனாத்தான் கண்ணு, அடியில வெளிச்சம் போயி மின்னும்."

"மின்னுதுங்க. கொக்கி துணியில மாட்டி நூலையும் இழுக்குதுங்களே!"

"சுத்தியும் தங்கம் வெச்சு அடைச்சாக் கல்லு சின்னதாத் தெரியும். அம்மா பேசுவாங்க."

"கழட்டி வெச்சாலும் பேசறாங்க. இனிமே போட்டுட்டுப் போனா உள்ளயே உட மாட்டேன்னுட்டாரு சூப்பர்வைசர்."

"அப்ப வேலையை உட்டுரு."

அருள்புரம் நிறுத்தம் வந்தது. அவள் மோதிரத்தைக் கழற்றி அவன் சுண்டுவிரலில் மாட்டினாள்.

"நீங்களே போட்டு உங்கம்மாகிட்டக் காட்டுங்க. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சுங்க."