பக்கத்துத் தெருப் பொண்ணு

பெரியவள்: ...காதை வெட்டிடாதடி.

சின்னவள்: நீ இப்படித் தலைய ஆட்டினா காது என்ன, மூக்கே போகும். கண்ணாடியைப் பாரு.

பெரியவள்: சும்மா நுனிய மட்டும் எடு, போதும்.

சின்னவள்: சும்மாவா? வா வான்னு கூப்பிட்டாலும் வராத ஆளு, இன்னிக்கு நான் பார்லர் தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறே. என்ன, புதுப் புத்தகத்தோட பின்னட்டைக்குப் படம் எடுக்கறாங்களா?

பெரியவள்: ம்... அப்படித்தான் வச்சுக்கயேன்.

சின்னவள்: வச்சுக்கயேன்னா? இரு... மூஞ்சியே சரியில்லையே. பதிப்பாளர் என்ன சொன்னாரு?

பெரியவள்: முடிவை மாத்தச் சொல்றாரு.

சின்னவள்: எதை? அந்தக் கதவையா?

பெரியவள்: கதவைத்தான். 'உங்க கதையில வர்ற பொண்ணு சிநேகிதியோட ரகசியத்தை வகுப்புல உளறினா, சரி. அதுக்குத்தான் அவ வீட்டு வாசல்ல போய் மன்னிப்பு கேக்கறாளே! அந்தச் சிநேகிதி கட்டிப்பிடிச்சுக்கிட்டா என்ன குறைஞ்சுடும்? மூஞ்சில கதவை சாத்தினா எந்தப் பிள்ளை தாங்கும்?'ங்கறாரு.

சின்னவள்: அவருக்குத்தான் தாங்கலன்னு சொல்லு.

பெரியவள்: அவர் சொல்றதும்... படிக்கறவங்களுக்குப் பதினஞ்சு வயசுடி. ரெண்டுங்கெட்டான் வயசு.

சின்னவள்: அந்த ரெண்டுங்கெட்டான் வயசுக்குத்தானே இத்தனை வருஷமா எழுதறே! முதல் புத்தகத்தை 'குழந்தைக்கும் ஆகாது, பெரியவங்களுக்கும் ஆகாது'ன்னு திருப்பித் திருப்பி அனுப்பினாங்களே, அப்ப பயந்தியா? அப்பா கூட 'பெரியவங்களுக்கு எப்பம்மா எழுதப் போறே'ன்னு...

பெரியவள்: இப்பவும் அதேதான் கேக்கறாரு.

சின்னவள்: கேக்கட்டும். பள்ளிக்கூட நூலகத்துல போய்ப் பாரு. மத்த புத்தகமெல்லாம் கசங்காம கொள்ளாம நிக்குது. உன்னுது அட்டை பிஞ்சு, டேப் ஒட்டி, அந்த டேப்பும் பிஞ்சு கெடக்கு. அதுக்கு மேல என்னக்கா விருது வேணும்?

பெரியவள்: நீ எதுக்கு அங்க போனே?

சின்னவள்: ...பாக்கத்தான். குனி, கழுத்துக்கிட்ட எடுக்கணும். சரி, அவருக்கு என்ன பதில் சொன்னே?

பெரியவள்: யோசிக்கணும்.

சின்னவள்: இதுல என்ன யோச... ஐயோ!

பெரியவள்: என்னடி, காதா?

சின்னவள்: இல்ல, ஒருத்தி வர்றா. வாம்மா! என்ன, இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லியா?

மாணவி: போகல அக்கா. தலைவலி.

சின்னவள்: தலைவலிக்கு முடி வெட்டிக்க வந்தியாக்கும். சரி, உக்காரு.

மாணவி: அது வந்து... அந்தப் பக்கத்துத் தெருப் பொண்ணு என்ன ஆனா?

சின்னவள்: எந்தப் பொண்ணு? அதெல்லாம் அப்புறம்...

மாணவி: போன தடவை பாதியில நிறுத்திட்டீங்களே அக்கா! ரகசியத்தை உளறிட்டா, சிநேகிதி பள்ளிக்கூடத்தையே விட்டுப் போயிட்டா, இவ அவங்க வீட்டுக்குப் போய் மணி அடிச்சா. அப்பப் பாத்து கரண்ட் போயிடுச்சு.

பெரியவள்: பக்கத்துத் தெருப் பொண்ணா?

சின்னவள்: நீ... நீங்க தலைய ஆட்டாதீங்க மேடம்.

மாணவி: இந்த ஆன்ட்டிக்கும் அவளைத் தெரியுமா?

பெரியவள்: ஆன்ட்டியா! இவ அக்கா, நான் ஆன்ட்டியா?

சின்னவள்: மேடமும் அந்தத் தெருதான். முழுசா தெரியும். அவங்களையே கேளு.

பெரியவள்: நானா... ம். மணி அடிச்சா. அவ வந்து தெறந்தா.

மாணவி: தெறந்தாளா!

பெரியவள்: இவ சொன்னதையெல்லாம் கேட்டா. கேட்டுட்டு... கதவை சாத்திட்டா.

மாணவி: ஓ...

பெரியவள்: கஷ்டமா இருக்கா? வேணும்னா நான்...

மாணவி: இருங்க ஆன்ட்டி. இவ என்ன பண்ணினா?

பெரியவள்: வீட்டுக்கு நடந்து வந்தா.

மாணவி: மறுநாள்? பள்ளிக்கூடம் போனாளா?

பெரியவள்: போனா.

மாணவி: அவ மன்னிக்காமயேவா?

பெரியவள்: மன்னிக்காமயேதான்.

மாணவி: எல்லாரும் இவளையே பாத்திருப்பாங்களே.

பெரியவள்: பாத்தாங்க. பாக்கட்டும்னு போய் தன் பெஞ்சுல உக்காந்தா.

மாணவி: அப்ப... போலாம், இல்ல? நான் என்னமோ, அவ மன்னிச்சாத்தான் உள்ளயே நுழைய முடியும்னு... சரிக்கா, நான் வரேன்.

சின்னவள்: ஏய், முடி வெட்டிக்கலியா?

மாணவி: நாளைக்கு! இப்ப ஓடினா ரெண்டாவது பீரியடுக்குப் போயிடலாம்.

சின்னவள்: தலைவலி...? ஹும், போயிட்டா. ...சரி, திட்டிடு.

பெரியவள்: எதுக்கு?

சின்னவள்: நீ எழுதி எழுதிப் படிக்கத் தர்றதைத்தான் இங்க வர்ற பொண்ணுங்ககிட்ட சொல்றேன். 'கதை'ன்னு சொன்னா உடனே போனை எடுத்துடறாளுங்கக்கா. 'பக்கத்துத் தெருப் பொண்ணு'ன்னு ஆரம்பிச்சா, காது கத்தரிக்கோலைத் தாண்டி வருது. எந்த இடத்துல கொட்டாவி விடறாளுங்கன்னு பாத்துட்டுத்தான் 'நாலாவது அத்தியாயம் சவசவன்னு இருக்கு'ன்னு உன்கிட்ட சொல்லுவேன். நீ என்னடான்னா என்னைப் பெரிய ரசிகைன்னு மெச்சிக்கிட்டே. அப்புறம் உண்மையைச் சொல்ல வெக்கமாப் போச்சு.

பெரியவள்: எனக்குத் தெரியும்டி.

சின்னவள்: தெரியுமா! எப்பலேர்ந்து?

பெரியவள்: என் மூணாவது புத்தகத்தோட வெளியீட்டு விழாவுல ஒருத்தி நேரா மேடைக்கே வந்துட்டா. 'எங்க பார்லர் அக்கா சொன்ன பொண்ணோட வாழ்க்கையைத் திருடி எழுதியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?'ன்னு ஒரே சண்டை.

சின்னவள்: ஐயய்யோ! நீ என்ன சொன்னே?

பெரியவள்: தப்புத்தாம்மான்னு சொல்லிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சின்னவள்: சிரிக்க வைக்காதக்கா, கோணலா போயிடும்... சரி, இந்தா போன். அந்த மனுஷனைக் கூப்பிடு. அவ சாத்தினது சாத்தினதுதான், மாத்த முடியாதுன்னு இப்பவே சொல்லு.

பெரியவள்: நேத்தே சொல்லிட்டேன்டி. 'அப்ப இந்தப் புத்தகமே எங்களுக்கு வேண்டாம்'னுட்டாரு. செஞ்சது சரியா தப்பான்னு ஒண்ணும் புரியல... உன் நாற்காலியில உக்காந்திருந்தா எவளாவது ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போவான்னுதான் காலையிலேயே வந்து நின்னேன். ம், நல்லா பாத்து வெட்டு. ஒரு வரிகூட மாத்தாம, நாளைக்கு வேற பதிப்பகத்துக்கு நானே எடுத்துட்டுப் போறேன்.