மூன்றாவது முட்டு

வீட்டில் மராமத்து வேலை வைத்திருப்பவர்கள் என் மருந்துக்கடைக்கு வந்தால், மாத்திரையோடு ஒரு யோசனையும் சேர்த்துக் கொடுப்பேன். ஆளைப் பிடிப்பதற்கு முன் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், கையில் வாங்கிப் பாருங்கள், தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். "சுவரை உடைக்கிறதுக்கு எதுக்கு சார் சர்டிபிகேட்டு?" என்பார்கள். எனக்குப் பின்னால் என் உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அதை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

நிதானமாகவே சொல்கிறேன், ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் அப்படிக் கேட்கவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு, மேல்தளத்தைத் தாங்க ஒரு உத்தரம் போட்டு, இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒருவன் நல்ல வேலைக்காரன் என்றார்கள். சட்டைப் பையில் ஒரு ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு திரிவான். டீக்கடை மேஜை கோணலாக இருக்கிறதா என்றுகூட அதை வைத்துப் பார்ப்பான். அதனால் எல்லோருக்கும் அவன் ரசமட்டம்தான். உரிமம் கிடையாது, ஆனால் வேலை சுத்தம். உத்தரத்துக்குக் கான்கிரீட் ஊற்றினார்கள். அது இறுகுவதற்குள், அடியில் தாங்கி நின்ற முட்டுகள் எடுக்கப்பட்டன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூடத்தின் வாசல் பக்கம் நானும் என் நண்பர்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரோ சொன்ன எதற்கோ நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் மேலே இருந்தது கீழே வந்துவிட்டது.

உரிமம் இல்லாதவன் என்று தெரிந்ததும் விசாரணை சுலபமாக முடிந்தது. அவன் எதையும் மறுக்கவில்லை. "என் தப்புதான்" என்று ஒரே வாக்கியம். இரண்டு வருடம் உள்ளே இருந்தான். எனக்கு அது போதவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, பாருங்கள். என் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி என் மனைவியின் உயரத்துக்கு மாட்டியது. பன்னிரண்டு வருடமாகக் குனிந்துதான் தலை சீவுகிறேன். இடிந்த இடத்தை ஒட்டுப்போட்டு, நடுவில் ஒரு இரும்புத் தூணை நிறுத்தி, அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

போன வருடம் கடைவீதியில் அவன் பலகையைப் பார்த்தேன். அவன் பெயர். கீழே "உரிமம் பெற்ற கட்டட ஒப்பந்ததாரர்." அதற்கும் கீழே ஒரு எண். பெயரைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. எண்ணைப் பார்த்தபோதுதான் வந்தது. என் மனைவியை வைத்துத் தொழில் கற்றுக்கொண்டு, அந்தப் பாடத்தில் பரீட்சை எழுதித் தேறியும் இருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டேன். வந்தவன் வாசற்படியைத் தாண்டவில்லை.

"சார், நானா? வேற நல்ல ஆளுங்க இருக்காங்களே."

"உங்ககிட்டதான் உரிமம் இருக்கே தம்பி. உள்ளே வாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அழுதான். நான் தண்ணீர் கொடுத்தேன். என்னைப் பெரிய மனது படைத்தவன் என்று அன்று ஊரெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறான். நான் மறுக்கப் போகவில்லை.

வேலை இதுதான்: மேல்தளத்துக்கு நான்கு இரும்பு முட்டுகள் கொடுத்துவிட்டு, பழைய தூணை எடுத்துவிட்டு, முறையாக ஒரு எஃகு உத்தரம் ஏற்றுவது. அவன் அப்படிக் கவனமாக வேலை செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு முட்டின் திருகிலும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தான். காலையில் வந்ததும் முதலில் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். "இந்த நாலும் நிக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது சார். யாரும் தொடாம பாத்துக்கணும்" என்பான். எது எதைத் தாங்குகிறது, எதை எடுத்தால் எது வரும் என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தான். சந்தோஷமாகவே சொல்லிக்கொடுத்தான்.

அதுவரை என் மனதில் இருந்தது அவன்தான். அவன் மனைவியைப் பற்றி நான் யோசித்ததில்லை.

அவள் தினமும் ஒரு மணிக்கு அவனுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். சின்ன உருவம், ஓயாத வாய். என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். "எங்க கல்யாணத்தன்னிக்கே, உக்காந்த நாற்காலி ஒரு பக்கம் சாயுதுன்னு எந்திரிச்சு நின்னுட்டாரு அண்ணா. மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டு கிளம்பறாருன்னு எங்கப்பா ஓடி வந்தாரு." ரசமட்டம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். காதுவரை சிவந்திருந்தது. அவள் சொல்லிவிட்டு அவனைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். நான் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். அன்றுதான் ஆளை மாற்றினேன். அவனைக் கொன்றால் அவனுக்கு அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு அப்படி முடியவில்லையே.

அவள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை, ஐயா. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பெண்.

உத்தரம் வந்த அன்று லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது என்று முன்பே தெரியும். தெருமுனையிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும். பழைய தூணை முந்தின நாளே எடுத்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு அவனும் ஆட்களும் கிளம்பிப் போனார்கள். நான் முதல் முட்டையும் இரண்டாவது முட்டையும் திருகித் தளர்த்தினேன். துரு இல்லை, எண்ணெய் போட்டு வைத்திருந்தான். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வந்தாள்.

"சிங்க் எந்தப் பக்கம் வந்தா தோதா இருக்கும்னு நீதான் சொல்லணும்மா" என்றேன்.

"முட்டு இருக்கிற வரைக்கும் உள்ளே காலே வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு அண்ணா. திட்டுவாரு."

"நான் இருக்கேன்ல. வா."

வந்தாள். ஜன்னலுக்கு நேராக நின்று, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தாள். "இங்கதான் அண்ணா. கழுவிக்கிட்டே தெருவைப் பாக்கலாம்" என்றாள். நான் கூடத்துப் பக்கம் வந்து மூன்றாவது முட்டை ஒரு சுத்தியலால் அடித்தேன். இரண்டு அடி. மிச்சமிருந்த நான்காவதால் தனியாகத் தாங்க முடியவில்லை.

அவன் உத்தரத்தைச் சந்திலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். வெறும் கையால் தோண்டினான். நகம் பெயர்ந்தும் நிறுத்தவில்லை. நான் வாசலில் இருந்தேன் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். நம்பினார்கள். அவனும் நம்பினான். காலையில் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, என் தப்புதான் என்று வாக்குமூலம் கொடுத்தான். உரிமத்தையும் அவனே கொடுத்தனுப்பிவிட்டான்.

அத்தோடு நான் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கலாம். நேற்று அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் இங்கே கொண்டுவந்து விட்டது. அவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க ஆசையாக இருந்தது. இரண்டு கையிலும் கட்டு, வாசலில் உங்கள் காவலர். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உங்க வீட்டில ரெண்டு தடவையும் என்னாலதான் சார்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முதல் தடவை, ஆளுங்க சாப்பிட வர்றாங்க, முட்டெல்லாம் அசிங்கமா இருக்குன்னு நீங்க எடுக்கச் சொன்னப்போ, இன்னும் பத்து நாள் ஆகணும்னு சொன்னேன். நீங்க கேக்கலை. நான் எடுக்காம போயிருக்கணும். அதை யாருகிட்டயும் நான் சொல்லலை சார், இனிமேலும் சொல்ல மாட்டேன். நீங்க பட்டதே போதும்."

பன்னிரண்டு வருடமாக இவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தயவு காட்ட இவன் யார்? தன் தவறு என்று நம்பி, அதில் ஒரு நிம்மதியோடு அழுதுகொண்டிருக்கிறான். அது நடக்கக் கூடாது. அவன் போட்ட கோடு சரியாகத்தான் இருந்தது, அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை, அவன் மனைவியைக் கொன்றது நான், வேண்டுமென்றே கொன்றேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இந்தத் தாளை அவனிடம் படித்துக் காட்டுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

பழைய விஷயத்தையும் எழுதத்தான் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. முட்டுகளை எடுக்கச் சொன்னது நான். ஆனால் எடுத்தது அவன்தானே, ஐயா.