ஓரக் கண்ணி

குரோஷாவில் போர்வை பின்னுவது யாருக்கும் வரும், டாக்டர். ஒரு கொக்கி ஊசி, கொஞ்சம் கம்பளி நூல் போதும். வேண்டிய அகலத்துக்குச் சங்கிலி பின்னி, பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை விட்டு நூலை இழுத்துக்கொண்டே போய், முனையில் திரும்பி வர வேண்டியதுதான். உங்கள் மனநல வார்டில் என் தங்கை ஏன் ஓயாமல் விரல்களை எண்ணுகிறாள் என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எண்ணிக்கையில் புலி. மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினாலே இத்தனை என்று சொல்லிவிடுவாள். கணவர் கப்பலில் இருந்ததால், பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாரும் என் முகத்துக்கு நேரே பேசியதில்லை. பேசாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு போர்வை பின்னட்டும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

"திரும்பும்போது ஓரக் கண்ணிய மட்டும் விட்டுடு. அப்பதான் ஓரம் பிசிர் இல்லாம நிக்கும்."

அதை விட்டால் வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று பின்னினேன், ஓரத்தை விடாமல்.

"அக்கா, என்னுது மட்டும் ஏன் சுருங்கிட்டே போகுது?"

"நடுவுல எங்கயோ விடுற. எண்ணிப் பின்னுடி."

"எண்ணித்தானே பின்றேன்."

"வயித்துல புள்ள இருக்கும்போது இப்படித்தான். மனசு ஒரு இடத்துல நிக்காது."

பிரித்தாள், பின்னினாள், மறுபடியும் பிரித்தாள். ஒவ்வொரு முறையும் போர்வை முக்கோணமாகத்தான் வந்தது. குழந்தை பிறப்பதற்குள் அவளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. "பால் குடுத்தேனா அக்கா?" என்று கேட்பாள். கொடுத்திருந்தால் "இல்லையே" என்பேன். கொடுக்காவிட்டால் "இப்பத்தானே குடுத்த" என்பேன். குழந்தை அழும். நான் பால் புட்டியோடு போய் நிற்பேன்.

ஒருநாள் அவளே குழந்தையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டாள். "ஒரு போர்வையையே எண்ணத் தெரியாதவ இவள எப்படி வளர்ப்பேன்? நீயே வச்சுக்கோ." நான் வாய் திறந்து கேட்கவில்லை, டாக்டர். அவளாகக் கொடுத்தாள். கப்பலிலிருந்து வந்த கணவரும் என் பேச்சை நம்பித்தான் அவளை இங்கே சேர்த்தார். பெரியம்மா ஆக வேண்டிய நான் அம்மா ஆனேன், பெற்றவள் சித்தி ஆனாள். உறவுமுறையில் அவ்வளவுதான் மாற்றம்.

உண்மையைச் சொன்னால் அவள் தேறிவிடுவாள் என்று நினைக்கிறீர்கள். போன மாதம் நானே சொல்லிப் பார்த்தேன், ஓரக் கண்ணியை விடச் சொன்னது என் தப்பு என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னத் தேத்துறதுக்காகப் பழிய நீ ஏத்துக்கிற. உன்ன மாதிரி அக்கா யாருக்குக் கிடைப்பா?"

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கணக்கில் கெட்டிக்காரி. இங்கே பார்க்கக் கூட்டிவரும்போதெல்லாம், சித்தியின் கண் ஏன் தன் கண்ணைப் போலவே இருக்கிறது என்று கேட்கிறாள். சித்தியோடுதான் இருப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். பாவம், சின்னப்பிள்ளை, மனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டாமா? போன வாரம் அவளுக்கு ஊசியும் நூலும் வாங்கிக் கொடுத்தேன். ஓரம் பிசிர் இல்லாமல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.