என் பக்கமாக மடித்த இலை

எனக்குச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. மற்றபடி நான் சாதாரண ஆள். இலுப்பூரில் கடலை மண்டி பெரியண்ணன் என்றால் யாரும் வழி சொல்வார்கள். மூட்டையைப் பிரிக்காமலே, உள்ளே இருக்கும் கடலை காறலா இல்லையா என்று என் மூக்கு சொல்லிவிடும்.

எங்கள் தொழிலில் குறை கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. அதை எப்போது சொல்வது என்பதுதான் வித்தை. முந்திச் சொன்னால் சரக்கு அடுத்த மண்டிக்குப் போய்விடும். பிந்திச் சொன்னால் நம் தலையில் விடியும்.

சந்தனசாமியின் மெஸ்ஸில் எனக்கு அந்த நிதானம் ஒருமுறை தவறியது. போன தை மாதம், கூட்டம் நெரியும் மத்தியானத்தில், சாம்பாரில் உப்புப் பத்தவில்லை என்றேன். அவன் கரண்டியோடு வந்து நின்றான்.

"அண்ணனுக்கு உப்புப் பத்தலையாம்ப்பா. வீட்டுல அண்ணி போடுறதில்ல போல, இங்கிட்டு வந்து கேக்குறாரு."

மெஸ்ஸே சிரித்தது. என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் அப்போது இரண்டு மாதம். அது தனக்குத் தெரியாது என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான். மறுநாளிலிருந்து கடைவீதியில் என் பெயர் 'உப்புப் பத்தலை'.

நான் மெஸ்ஸை மாற்றவில்லை. தினமும் போனேன். குறையும் சொன்னேன், ஆனால் அவன் காதில் மட்டும். ரசம் இன்னும் ஒரு கொதி வரட்டும் என்பேன். அப்பளத்துக்கு எண்ணெயை மாற்று என்பேன். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ஆறு மாதத்தில், உட்காரும் முன் என் இலையைப் பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. நான் இலையை என் பக்கமாக மடித்தால் சாப்பாடு தேவலை. எதிர்ப்பக்கம் மடித்தால் அன்றைக்குத் தயிர்சாதம்தான் கேட்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, ஜெகதாப்பட்டினத்து மீன் வண்டி வழியில் பழுதாகி, ஐஸ் உருகி, வெயிலேறி வந்து சேர்ந்ததாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. குழம்பு இலைக்கு வருமுன்னே புளிக்கு அடியில் இருந்த வாடை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சந்தனசாமி பக்கத்தில் வந்து குனிந்தான்.

"ரெண்டு நாளா மூக்கு அடைச்சுக் கெடக்குண்ணே. ஒரு வாடையும் தெரியல. மீனு எப்படி இருக்கு? நீங்க சொன்னாச் சரி."

"என்னைக்கும் இப்படி வச்சதில்லை, சாமி" என்றேன். அது பொய் இல்லை.

ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். மீன் துண்டை உள்ளே வைத்து, இலையை என் பக்கமாக மடித்தேன். இலை எடுக்கும் பிச்சை, துண்டு முழுசாகக் கிடந்தது என்று உங்கள் விசாரணையில் சொல்லியிருப்பான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

நான் கை கழுவி வரும்போது, தினமும் அங்கே சாப்பிடும் ரீட்டா டீச்சர் என் இலையைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"மீனு வாங்கலாமாண்ணே?"

"தாராளமா வாங்குங்க டீச்சர்."

பதினேழு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினாறு பேர் திரும்பினார்கள். மெஸ்ஸுக்குச் சீல் வைத்துவிட்டார்கள், சந்தனசாமி உள்ளே இருக்கிறான். அவனுக்கு உள்ள கணக்கு அவனோடு முடிந்தது. திரும்பாத டீச்சர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, ஐயா. நல்ல மனுஷி.

நான் உப்புக் கேட்ட அன்றைக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும், அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.