மறைந்த சலவைத் தொழிலாளி கேட்ட கேள்வி

எனக்கு வயது எழுபத்து நான்கு. என்னைச் சலவையம்மா என்றால்தான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடியில், மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வீட்டில் யார் யார் என்று இந்தக் காவல் நிலைய உதவி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். மூத்த பேரன் கப்பலில் இயந்திரப் பொறியாளர், இருபத்தாறு துறைமுகம் பார்த்தவன். அடுத்தவள் பல் மருத்துவர், என் வாயில் இருக்கும் கீழ்வரிசை அவள் கட்டியது. மூன்றாமவன் நீளம் தாண்டுவதில் மாநில அளவில் இரண்டாம் இடம், அன்றைக்குக் காலில் சுளுக்கு இல்லாவிட்டால் முதலிடம். கடைசிப் பேத்தி பல்கலைக்கழகத்தில் இறையியல் முதுகலைப் பட்டம் படிக்கிறாள். கடவுளைப் பற்றிப் பரீட்சை எழுதி, அதிலும் வகுப்பில் முதலாவதாக வந்தவள் எங்கள் வம்சத்திலேயே அவள் ஒருத்திதான். "இதெல்லாம் கேஸுக்கு வேணுமா பாட்டிம்மா?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்.

இறையியல் துறைக் கூடத்தின் கதவைத் தாழிட்டு, பேராசிரியரை ஒரு மணி நாற்பது நிமிடம் வெளியே விடாமல் வைத்துச் சபித்தேன் என்பது என் மேல் உள்ள புகார். செய்தேன். ஏன் செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தப் பட்டத்துக்கு ஆய்வேடு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து நான்கு வருடத்துக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், படித்ததெல்லாம் வீண். என் பேத்திக்கு அந்த நான்கு வருடம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அவள் எடுத்துக்கொண்ட பொருள், அநியாயம் செய்தவனைப் பற்றி ஏழைப் பெண்கள் கடவுளிடம் முறையிடும் பிரார்த்தனைகள். சலவைக்கூடத்தில் நாங்கள் பதினான்கு பெண்கள் கொதிநீர்த் தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டு அப்படிப் பிரார்த்திப்போம். யாரையும் சாகடிக்கச் சொல்லிக் கேட்க மாட்டோம். மேற்பார்வையாளர் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்தால், அவர் உட்காரும் நாற்காலிக்கெல்லாம் ஒரு கால் குட்டையாக இருக்கட்டும் என்போம். அவருக்குத் தும்மல் மூக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகட்டும் என்போம். செருப்புக்குள் கல் உறுத்தட்டும், கழற்றிப் பார்த்தால் இல்லாமல் போகட்டும் என்போம். இப்படி முப்பத்தெட்டு பிரார்த்தனைகளை இரண்டு வருடத்துக்கு முன்னால் பேத்தி என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். சொன்னது நான் என்பதற்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, சமையலறை ஜன்னல் பக்கம் நிற்க வைத்துப் படமும் எடுத்தாள்.

அதன் பிறகு அவள் அந்த அத்தியாயத்தைத் தன் வழிகாட்டியான பேராசிரியரிடம் கொடுத்தாள். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'நாளைக்கு ஐயா'. ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு, "உறவுக்காரங்க சொன்னதை ஆய்வுல சேர்க்கக் கூடாதும்மா, விதி இருக்கு. உன் பாட்டி அத்தியாயத்தை எடுத்துடு. கதை விடுறன்னு சொல்லிடுவாங்க" என்றாராம். பேத்தி அழுதுகொண்டே அறுபது பக்கத்தை எடுத்துவிட்டாள். மீதி இருந்ததை வைத்து ஆய்வேடு நிற்காது. "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும் பாட்டி. விதி போடற குழுவிலேயே அவர் இருக்கார்" என்றாள்.

அவள் மேசையில் அந்தப் பட்டத்தின் விதிமுறைப் புத்தகம் இருந்தது. அறுபத்திரண்டு பக்கம். நான் விரலை வைத்து ஒரு நாளைக்கு மூன்று பக்கம் வாசித்தேன். புரியாத வரியை இரண்டாம் தரம் வாசித்தேன், அப்போதும் புரியாததைப் பல் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். இருபத்தொரு நாளில் முடித்தேன். எந்த நிற மையில் கையெழுத்திட வேண்டும், எத்தனை அங்குலம் ஓரம் விட வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. உறவுக்காரர் சொன்னதைச் சேர்க்கக் கூடாது என்று எங்கும் இல்லை. வழிகாட்டி நாற்பத்தைந்து நாளுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைப் பேத்தியிடம் காட்டினேன். நான்கு வருடம் படித்தவள் அந்தப் புத்தகத்தை ஒரு தடவைகூட முழுசாக வாசித்ததில்லை, அவர் வாயால் சொன்னதையே விதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டுமல்ல, அந்தத் துறையில் யாருமே வாசித்ததில்லை.

அதன் பிறகு துறை வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பேராசிரியருடைய இன்னொரு மாணவருக்குப் பொது வாய்மொழித் தேர்வு என்றும், அவருடைய ஆய்வேடு பத்து நாள் நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் என்றும் அதில் இருந்தது. பேராசிரியரின் காரை ஓட்டுவது அந்த மாணவர்தான் என்பதால் அவரைக் கார்க்காரத் தம்பி என்பார்கள். நானும் பொதுமக்கள்தானே என்று நூலகத்துக்குப் போனேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சமையலறை ஜன்னல் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பக்கக் காதுக் கம்பியில் நூல் சுற்றிய இதே கண்ணாடி. படத்துக்குக் கீழே 'மறைந்த சலவைத் தொழிலாளி' என்று அச்சடித்திருந்தது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து என் முப்பத்தெட்டு பிரார்த்தனைகளும் இருந்தன.

என்னை ஏன் சாகடித்தார்கள் என்பது எனக்கு உடனே விளங்கியது. இருபத்து மூன்றாம் விதி. தகவல் சொன்னவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதப் படிவம் வேண்டும், இறந்திருந்தால் வேண்டாம். நான் கையெழுத்திட்ட படிவம் பேத்தி பெயரில் இருந்தது. இந்த ஒரு விதியை மட்டும் அவர்கள் வாசித்திருக்கிறார்கள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நூலகருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பேத்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பேராசிரியரிடமே போய் மரியாதையாக நியாயம் கேட்பாள். எனக்கு மரியாதை தேவைப்படவில்லை.

தேர்வு அன்று காலை பத்து மணிக்குக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வுக்குழுத் தலைவி, பேராசிரியர், கார்க்காரத் தம்பி மூவரும் இருந்தார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார், துப்புரவுக்கு வந்தவள் என்று நினைத்திருப்பார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். தலைவி ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த அம்மா எப்ப காலமானாங்க?" என்று கேட்டார். கார்க்காரத் தம்பி கைக்குட்டையை எடுத்து, "போன வருஷம் மேடம். மூச்சுத்திணறல். கடைசி வரைக்கும் நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்றார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எனக்கே என்னை நினைத்துப் பாவமாக இருந்தது.

அதன் பிறகு தலைவி, பொதுமக்களில் யாராவது கேட்கலாம் என்றார். நான் எழுந்து நின்று, "தம்பி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கடைசியா நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர், "யாரும்மா நீங்க? வெளிய போங்க. யாரு இவங்களை உள்ள விட்டது?" என்று எழுந்து, காவலாளியைக் கூப்பிட வாசலை நோக்கி நடந்தார். நான் அவருக்கு முன்னால் போய்க் கதவைத் தாழிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். பொதுமக்கள் கேள்வி முடியும்வரை குழுவினர் யாரும் அரங்கை விட்டு வெளியேறக் கூடாது என்பது முப்பத்தொன்றாம் விதி. "தாழ் போடணும்னு அதுல இல்லையே பாட்டிம்மா" என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, போடக் கூடாது என்றும் இல்லை என்று பதில் சொல்கிறேன். நான் யாரையும் கையால் தொடவில்லை.

அந்த அம்மா நான்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று தலைவி கேட்டார். நல்ல கேள்வி. முப்பத்தெட்டையும் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள் என்றேன். சொன்னேன். அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் ஆள் பெயர் வருகிற இடத்தில் பேராசிரியர் பெயரைச் சேர்த்தேன். யார் பெயரையாவது சேர்க்காவிட்டால் அது பிரார்த்தனை ஆகாது, வெறும் ஒப்பிப்பு. பதினேழாவதற்குப் பேராசிரியர் தன் நாற்காலியின் காலைக் குனிந்து பார்த்தார். இருபத்தைந்தாவதற்குத் தண்ணீர் கேட்டார். முப்பத்தெட்டு முடிந்ததும், பேத்தியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த மூன்றையும் அவருக்காகச் சொன்னேன். அவற்றை இங்கே எழுத வேண்டாம் என்று உதவி ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டார். முடித்ததும் நானே தாழைத் திறந்துவிட்டேன். அதற்குள் காவலர்கள் வந்திருந்தார்கள்.

தேர்வை நிறுத்திவைப்பதாகத் தலைவி அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். என்னைத் தனியே கூப்பிட்டு, தகவல் சொன்னவரின் புதிய சம்மதப் படிவம் முப்பதாம் தேதிக்குள் பதிவாளருக்கு வந்து சேர்ந்தால் அத்தியாயம் என் பேத்திக்கே திரும்பும், வேறொருவரை வழிகாட்டியாகப் போட்டு ஆய்வேட்டை வாங்கிக்கொள்வோம் என்றார்.

அதன் பிறகு இன்று காலை பேராசிரியர் இந்த நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். நான் மன்னிப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற்று, இன்றைக்கே பேத்தியின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவாராம். பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு வரிதானே பாட்டி. எழுதிடுங்க. உங்களை இந்த பெஞ்சுல பாக்க முடியல" என்றாள்.

"உன் அத்தியாயத்தோட பேரு என்னடி?"

"அநியாயத்துக்கு எதிரான முறையீடு."

"அறுபது பக்கம் முறையீடு எழுதிட்டு, அறுபத்தோராம் பக்கத்துல நான் மன்னிப்புக் கேக்கவா? எந்த ஊர் நியாயம் கண்ணு இது? போய்ப் பக்கத்துக்கு நம்பர் போடு."

முதலில் சிரித்தாள், பிறகுதான் அழுதாள். எழுந்து போய்விட்டாள். இப்போது நூலகத்தில் இருக்கிறாள்.

நான் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை அந்தக் கூடத்துக்குள் விட்டால் இன்னொரு தடவையும் தாழிடுவேன். கதவைத் தாழிட்டதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், அனுபவிக்கிறேன். ஆனால் உயிரோடு இருப்பவளைச் சாகடித்ததற்கு என்ன பிரிவு என்று பார்த்து, அதையும் ஒரு வழக்காகப் பதிய வேண்டும். எழுதியதைக் காவலர் வாசித்துக் காட்ட வந்தார். அவரிடமிருந்து வாங்கி, விரல் வைத்து முதல் வரியிலிருந்து நானே வாசித்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை, யாரும் மிரட்டி வாங்கவில்லை. கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. சம்மதப் படிவத்தில் ஒட்டும் படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகவும், அரசு அலுவலர் ஒருவர் சான்று கொடுத்ததாகவும் இருக்க வேண்டும் என்பது இருபத்து நான்காம் விதி. பேத்தி எடுத்த படம் இரண்டு வருடம் பழசு. இங்கே பிடிபட்டவர்களை எப்படியும் படம் எடுப்பீர்கள் அல்லவா? என்னைக் கண்ணாடியோடு, முகம் முழுக்கத் தெரியும்படி, இன்றைய தேதிப் பலகையோடு எடுத்து, நான் கையெழுத்திட்டு வைத்திருக்கும் புதிய படிவத்தில் ஒட்டி, காவல் ஆய்வாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, பதிவுத் தபாலில் முப்பதாம் தேதிக்குள் பதிவாளருக்குப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். இன்னொரு பிரதியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, நான் சிரிக்கிற மாதிரி எடுத்து, பேராசிரியர் வீட்டு முகவரிக்கும் அனுப்புங்கள்.